12 படங்கள் குறைவில்லை, அசலை மட்டும் மாட்டாதீர்கள்

வணக்கம். ஊர்த் திடலின் வரலாற்றைக் காட்சிக்கு வைக்க நூலகம் கூடம் தந்திருக்கிறது, கையில் 12 பழைய புகைப்படங்கள்தான் இருக்கின்றன, அசலையே மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அசல் வேண்டாம். ஒளியில் வெளுத்த படம் பழைய நிலைக்குத் திரும்பாது. அருங்காட்சியகங்கள் இத்தகைய படங்களுக்கு 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சமே தருகின்றன. வாசிக்கும் கூடத்தில் அது நடக்காது. 600 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில், ஸ்கேன் செய்து பெரிதாக அச்சிடுங்கள். உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அசலை உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எண்ணிக்கையை நினைத்துக் கலங்காதீர்கள். பொது இடத்தின் வரலாற்றில் பெரும்பகுதி படத்தில் இருக்காது. அங்கே கடை போட்டவர், பந்து விளையாடியவர், தினமும் கூட்டிப் பெருக்கியவர் நினைவில்தான் இருக்கும். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். திடலின் பெரிய வரைபடம் ஒன்றை மேசையில் விரித்து, வருபவர்கள் தங்கள் நினைவைச் சீட்டில் எழுதி உரிய இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் அருகருகே வையுங்கள். யாரெல்லாம் அங்கே உட்கார முடியாமல் விரட்டப்பட்டார்கள் என்றும் கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலான கண்காட்சிகள் விட்டுவிடுவது இதைத்தான், எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

விளக்க அட்டை 60 சொற்களுக்குள் இருக்கட்டும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 செ.மீ. உயரத்தில் வரலாம், சக்கர நாற்காலியில் வருபவர் படிக்க வேண்டிய அட்டையை இன்னும் தாழ்த்தி வையுங்கள்.