மட் நிரலில் பல அஞ்சல் கணக்குகள்: கேள்வி பதில்

முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையில்) இயங்கும் மட் (mutt) அஞ்சல் நிரலைப் பற்றிப் புதுச்சேரி, கடலூர் வட்டாரப் பயனர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள்.

முத்தியால்பேட்டை, கணக்காளர்: அலுவலகம், சொந்தம், குடியிருப்போர் சங்கம் என எனக்கு மூன்று முகவரிகள். சங்கத்தின் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொந்தப் பெட்டிக்கு வந்து எழுதினால், கடிதம் சங்கத்தின் பெயரிலேயே போகிறது. ஏன்?

ஃபோல்டர்-ஹுக் (folder-hook) கட்டளை, பெட்டிக்குள் நுழையும்போது அமைப்பை மாற்றுமே தவிர, வெளியேறும்போது பழைய நிலைக்குத் திருப்பாது. சங்கத்துக்கு மட்டும் ஹுக் எழுதியிருப்பீர்கள். அதன் அனுப்புநர் முகவரியும் கையொப்பமும் அடுத்த பெட்டிக்கும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கணக்குக்கு ஒரு கோப்பு வைத்து, அதை அந்தந்தப் பெட்டியின் ஹுக் படிக்கும்படி செய்து, அனுப்புநர் முகவரி, கையொப்பம், அனுப்பிய கடிதத்தின் நகல் சேரும் இடம் ஆகிய மூன்றையும் எல்லாக் கோப்புகளிலும் விடாமல் எழுதுங்கள். எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும்படி புள்ளி ஒன்றை மட்டும் இட்ட பொது ஹுக்கை முதலில் வையுங்கள். பொருந்தும் ஹுக்குகள் அனைத்தும் எழுதிய வரிசையிலேயே இயங்குவதால், அதைக் கடைசியில் வைத்தால் மற்றவை செய்ததையெல்லாம் அது மாற்றிவிடும். மை_ஹெச்டிஆர் (my_hdr) கட்டளை கொண்டு சேர்த்த தலைப்பு வரிகளும் தாமாக நீங்குவதில்லை என்பதால், பொது ஹுக் படிக்கும் கோப்பில் அவற்றை நீக்கும் அன்மை_ஹெச்டிஆர் (unmy_hdr) வரியும் வேண்டும்.

மஞ்சக்குப்பம், மாணவர்: கடிதங்களைச் சர்வரில் படிக்கும் ஐமேப் (IMAP), அனுப்பும் எஸ்எம்டிபி (SMTP) இரண்டையும் மட் நிரலே கையாளும்போது எம்பிசிங்க் (mbsync), எம்எஸ்எம்டிபி (msmtp) என்ற தனி நிரல்கள் எதற்கு?

ஒரே கணக்கென்றால் தேவையில்லை. பல கணக்குகளை மட்டில் நேரடியாகத் திறந்தால், பெட்டி மாறும்போதெல்லாம் சர்வருக்காகக் காத்திருக்க வேண்டும்; மழைக்காலத்தில் கடலூரில் இணையம் போனால் பழைய கடிதத்தைக்கூடப் புரட்ட முடியாது. எம்பிசிங்க், கடிதங்களை மெயில்டிர் வடிவில், கடிதத்துக்கு ஒரு கோப்பாக, உங்கள் கணினியில் இறக்கி வைக்கிறது. அதைக் காப்பு நகலென்று எண்ணிவிடாதீர்கள்: அழித்த கடிதங்களை அடியோடு நீக்கும் எக்ஸ்பஞ்ச் (Expunge) அமைப்பை இருபக்கமும் இயங்கும்படி வைத்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். கடிதம் அனுப்பும் எம்எஸ்எம்டிபியோ, மட்டில் யூஸ்_என்வலப்_ஃபிரம் (use_envelope_from) அமைப்பை இயக்கியிருந்தால், அனுப்புநர் முகவரியைக் கொண்டே உரிய கணக்கைத் தேர்ந்துகொள்ளும்.

லாஸ்பேட்டை: சரியான கடவுச்சொல்லையும் ஜிமெயில் மறுக்கிறது.

இரண்டடிச் சரிபார்ப்பை இயக்கி, இதுபோன்ற நிரலுக்கென்றே கூகுள் தரும் 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லைப் பெற்று அதைக் கொடுங்கள். அதைக் கோப்பில் அப்படியே எழுதாமல் ஜிபிஜி (GPG) என்னும் மறையாக்க நிரலால் பூட்டி வைத்து, பாஸ்வேர்டுஇவால் (passwordeval) வரியின் வழியே எம்எஸ்எம்டிபியை வாசிக்கச் செய்யுங்கள். அமைப்புக் கோப்புகளை, கோப்புகளைப் பிறரோடு பகிரும் கிட்ஹப் தளத்தில் கடவுச்சொல்லோடு ஏற்றுவோர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

திருப்பாதிரிப்புலியூர்: எல்லாம் ஒரே பெட்டியில் சேர்கின்றன, எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போக வழியுண்டா?

உண்டு. ஆல்டர்நேட்ஸ் (alternates) வரியில் உங்கள் முகவரிகளை எழுதி, ரிவர்ஸ்_நேம் (reverse_name) அமைப்பை இயக்குங்கள். மறைநகலாக (Bcc) வந்த கடிதத்தில் உங்கள் முகவரி தென்படாது என்பதால், அதற்கு மட்டும் வழக்கமான முகவரியே இடப்படும். அனுப்பும் முன் தோன்றும் திரையில் எஸ்கேப், எஃப் விசைகளை அடுத்தடுத்து அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.