ரவுட்டர் தவறுதலாக ரீலோட் ஆவது: கேள்வி பதில்

இன்று சிஸ்கோ ஐஓஎஸ் மட்டும், அதாவது சிஸ்கோ ரவுட்டர், ஸ்விட்ச் பெட்டிகளை ஓட்டும் மென்பொருள். வேறு பெட்டிகளில் எனக்குப் பழக்கம் குறைவு.

பயிற்சியில் இருப்பவர்: ரீலோட் (ரீஸ்டார்ட் செய்யும் கமாண்ட்) என்று முழுதாக அடிக்காமலே பெட்டி ரீஸ்டார்ட் ஆகுமா சார்?

ஆகும். நீங்கள் அடிக்கும் எழுத்துகளில் தொடங்கும் கமாண்ட் அந்த மோடில் ஒன்றே ஒன்றுதான் என்றால், ஐஓஎஸ் அதையே எடுத்துக்கொள்ளும். இரண்டு இருந்தால் ‘ஆம்பிகுவஸ் கமாண்ட்’ என்று திட்டும். அந்தத் திட்டு நல்லது. அது வராதபோதுதான் வம்பு. டிஹெச்சிபி (தானாக ஐபி முகவரி வாங்கும் முறை) தந்த முகவரியை விடுவிக்கும் ‘ரிலீஸ்’ கமாண்டுக்கும் ரீலோடுக்கும் ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்து ஒன்றே. அது இருக்கும் வெர்ஷனில் மூன்றெழுத்தை அடித்தால் திட்டு விழும். இல்லாத பழைய பெட்டியில் அதே மூன்றெழுத்து நேராக ரீலோடுக்குப் போய்விடும். ஒரு பெட்டியில் பழகிய விரலை இன்னொன்றில் நம்பாதீர்கள்.

இரவு ஷிஃப்ட்: ‘கன்ஃபர்ம்’ கேட்குமே, அது போதாதா?

போதாது. அந்தக் கேள்விக்கு வெறும் எண்டரே சம்மதம். நோட்பேடிலிருந்து ஒட்டும்போது அடுத்து வரும் வெற்று வரி எண்டராகப் போய்ச் சேரும். கான்ஃபிக் (பெட்டியின் அமைப்புகள்) சேவ் ஆகாமல் மாறியிருந்தால் முதலில் ‘சேவ் பண்ணவா’ என்று கேட்கும். அதற்கு யெஸ் அல்லது நோ அடித்தே ஆக வேண்டும், எண்டர் செல்லாது. ஒழுங்காக சேவ் செய்து வைப்பவருக்கு அந்தத் தடுப்பும் கிடையாது! பார்க்காமல் ஒட்டாதீர்கள்.

மாடி வீட்டுக்காரர்: எங்கள் வைஃபை தினமும் ரீஸ்டார்ட் ஆகிறது.

அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அப்புறம் இணைப்பு கொடுத்தவரைக் கேளுங்கள்.

பழைய கை: சுருக்கி அடிக்காதே என்கிறீர்கள். நீங்கள் ‘கான்ஃபிகர் டெர்மினல்’ என்பதை ‘கான்ஃப் டி’ என்று அடிப்பதில்லையா?

அடிக்கிறேன். ‘ஷோ’வையும் சுருக்குவேன். பெட்டியைச் சாய்க்கும் கமாண்டுக்கு மட்டும் டேப் தட்டி, முழுச் சொல்லைக் கண்ணால் பார்த்தபிறகே எண்டர்.

பழைய கை: டிரங்கில் (பல விலான்கள், அதாவது பிரித்து வைத்த உள்வலைகள், சேர்ந்து போகும் இணைப்பில்) புது விலான் சேர்க்கும்போது ‘ஆட்’ என்ற சொல் விட்டுப்போய், ஏற்கெனவே அனுமதித்த விலான் பட்டியலே அழிந்தது. அதை முழுசாகத்தானே அடித்தேன்?

சரி, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு டேப் உதவாது. ரிமோட்டில் வேலை செய்யும் முன் ‘ரீலோட் இன் 10’ போடுங்கள். லிங்க் போனாலும் பத்து நிமிடத்தில் சேவ் செய்திருந்த கான்ஃபிக்கோடு எழுந்து வரும்.

இரவு ஷிஃப்ட் 2: கன்ஃபர்ம் கேட்கும்போது எண்டர் தட்டினால் என்ன ஆகும்?

மேலே படியுங்கள்.

பயிற்சியில் இருப்பவர்: தானாக விழுந்ததா, யாராவது ரீலோட் அடித்தார்களா, எப்படித் தெரியும்?

‘ஷோ வெர்ஷன்’ காரணத்தைச் சொல்லும். யார் என்று தெரிய டாக்கக்ஸ் (யார் நுழையலாம், எந்த கமாண்ட் அடிக்கலாம் என்று பார்க்கும் சர்வர் முறை) கணக்குப் பதிவு, அதாவது யார் எதை அடித்தார் என்ற பதிவு, வேண்டும். டாக்கக்ஸ் இருந்தால், ஜூனியர்களுக்கு ரீலோடையே மறுத்துவிடலாம்.

பழைய கை: ‘ரீலோட் இன் 10’ போட்டேன். வேலை சுமுகமாக முடிந்தது. பத்தாவது நிமிடம் பெட்டி விழுந்தது.

‘ரீலோட் கேன்சல்’ யார் அடிப்பார்கள்?