லண்டனிலிருந்து காது ஆபரேஷனுக்கு வெளிநாடு போவதென்றால் எப்படித் திட்டமிடுவது?

வயது 29, லண்டனில் வேலை, காது இரண்டும் வெளியே தள்ளி நிற்கிறது, இஸ்தான்புல்லில் ஐந்து நாள் பேக்கேஜ் பார்த்து வைத்திருக்கிறேன், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் நானும் இதே பேக்கேஜைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சென்னையில் செய்துகொண்டேன். இஸ்தான்புல்லா சென்னையா என்பது இரண்டாவது விஷயம். முதல் விஷயம், ஐந்து நாள் போதாது.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'முறம்'. முடிவெட்டும் கடையில் "காதை மறைச்ச மாதிரி விடுங்கண்ணே" என்று சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. அதனால் ஏன் செய்கிறீர்கள் என்று உங்களைக் கேட்கப் போவதில்லை.

பிரிட்டனில் தனியாரிடம் போனால் 2,500 முதல் 3,500 பவுண்டு வரை ஆகும். அழகுக்காகச் செய்துகொள்ளும் பெரியவர்களுக்கு அங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பெரும்பாலும் செய்யாது. ஆக, வெளியே தேடுவதில் தப்பில்லை. நான் பேசிய இஸ்தான்புல் இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ஒருங்கிணைப்பாளர்' தான் வாட்ஸப்பில் பதில் சொன்னார். ஏர்போர்ட் பிக்கப், நாலு நட்சத்திர ஹோட்டல், காலை உணவு எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். "என் காதில் எது பிரச்சினை, மடிப்பா குழியா?" என்று கேட்டதற்கு மட்டும் சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், காது தள்ளி நிற்பதற்குப் பொதுவாக இரண்டு காரணம். காது மடலின் மேல்பகுதியில் உள்பக்கமாக ஒரு மடிப்பு ஓடும். சிலருக்குப் பிறவியிலேயே அது சரியாக விழாமல் தட்டையாக இருக்கும். அந்த மடிப்பைத் தையல் போட்டு உண்டாக்கும் முறையை 1963-இல் முஸ்தார்தே என்ற மருத்துவர் எழுதினார். இன்னும் சிலருக்கு மடிப்பு சரியாக இருக்கும், ஆனால் காதின் நடுக்குழி ஆழமாக இருந்து மொத்தக் காதையும் வெளியே தள்ளும். அதைப் பின்னால் இழுத்து எலும்போடு சேர்த்துத் தைப்பார்கள். எனக்கு இரண்டும் இருந்தது. சென்னை டாக்டர் வீடியோ காலிலேயே காதை விரலால் பின்னால் அழுத்திக் காட்டச் சொன்னார். நேரில் ஸ்கேல் வைத்து அளந்தார். மண்டையிலிருந்து காது விளிம்பு வரை 15 முதல் 20 மில்லிமீட்டர் இருந்தால் சாதாரணம். எனக்கு வலது 28, இடது 26.

துருக்கிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா, "காது தைக்க சுசுருதரே 15 வழி எழுதி வச்சிருக்காருடா" என்றார். பழங்கால இந்திய அறுவை மருத்துவரான சுசுருதர் எழுதியது அறுந்த காதுக்கு என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. சரி, நான் சென்னைக்குப் போனதற்கு அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நாட்கணக்கு. சனிக்கிழமை இறங்கினேன். திங்கள் ஆலோசனை, ரத்தப் பரிசோதனை. வியாழன் ஆபரேஷன். மரத்துப்போகும் ஊசிதான், முழு மயக்கம் இல்லை. வலி இல்லை, ஆனால் சத்தம் உண்டு. குருத்தெலும்பைச் சுரண்டும்போது உள்ளங்காதில் யாரோ தேங்காய் துருவுகிற மாதிரி கேட்கும். ஒன்றே முக்கால் மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அப்புறம் தலையைச் சுற்றி முண்டாசு போல ஒரு கட்டு. அம்மா பக்கத்து வீட்டில் "பைக்ல விழுந்துட்டான்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ராத்திரி பத்தரை மணிக்கு வலது காது மட்டும் விண் விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: இரண்டு காதும் சமமாக வலித்தால் மாத்திரை போடுங்கள், ஒரு பக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனால் உடனே கூப்பிடுங்கள். கூப்பிட்டேன். இருபது நிமிடத்தில் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன். கட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டினார். விட்டிருந்தால் குருத்தெலும்பு கெட்டு, காது சுருங்கிக்கூடப் போகலாம். அந்த ராத்திரி நான் ஹோட்டல் அறையில் ஒருங்கிணைப்பாளரின் ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதனால் எந்த ஊராக இருந்தாலும், ஆபரேஷன் செய்த கையே அடுத்த பத்து நாளும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஏழாம் நாள் கட்டு பிரித்தார்கள், பத்தாம் நாள் வெளித்தையல் எடுத்தார்கள், பதினான்காம் நாள் விமானம் ஏறினேன். முகத்தில் செய்யும் அழகு சிகிச்சைக்குப் பிறகு 7 முதல் 10 நாள் பறக்க வேண்டாம் என்பதுதான் என்.எச்.எஸ்.-இன் அறிவுரையும். மூன்று வாரம் லீவு போடுங்கள். டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு நாமாகத் திட்டமிட்டுப் போகும் சிகிச்சைக்குப் பணம் தராது. அதற்கென்று தனியாக இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

சென்னை என்று முடிவானால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் ஓ.சி.ஐ. என்ற இந்திய வம்சாவளி அட்டை இல்லாதபட்சத்தில் சுற்றுலா விசாவில் வராமல் மருத்துவ விசா எடுங்கள். ஆன்லைனிலேயே கிடைக்கும். டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். என்ற மேற்படிப்பு படித்தவரா என்று பாருங்கள். மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஜனவரியில் வாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் அந்த முண்டாசுக்குள் வியர்த்தால் நரகம். குடும்பத்தில் யாருக்காவது காது குத்திய இடத்தில் தழும்பு உருண்டையாக வளர்ந்திருந்தால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கீலாய்டு என்ற அந்தத் தழும்பு வர வாய்ப்பு அதிகம், காது அதற்குப் பிடித்த இடம்.

திரும்பிய பிறகு ஆறு வாரம் ராத்திரி ஹெட்பேண்ட் போட்டுத் தூங்கினேன். ஒருக்களித்துப் படுக்க முடியாதது ஒன்றுதான் உண்மையான கஷ்டம்.

செலவு எனக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குள் முடிந்தது. டிக்கெட், லீவு எல்லாம் சேர்த்தால் மிச்சம் நீங்கள் நினைக்கிற அளவு இருக்காது. இன்னொன்று: உள்ளே போட்ட தையல் கரையாதது, அங்கேயே இருக்கும். ஏழாவது மாதம் இடது காதின் பின்னால் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு முனை எட்டிப் பார்த்தது. சென்னை டாக்டருக்குப் படம் அனுப்பினேன், காது இதற்குள் பிடித்திருக்கும், பயமில்லாமல் எடுத்துவிடலாம் என்றார். ஆனால் லண்டனில் அதை எடுக்க, அடுத்தவர் செய்த வேலையில் கை வைக்க மாட்டோம் என்று இரண்டு இடத்தில் மறுத்தார்கள். மூன்றாவது இடத்தில் 150 பவுண்டு வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கத்தரித்துவிட்டார்கள். உங்கள் பட்ஜெட்டில் அந்த 150-ஐயும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.