மூகாம்பிகைக்கு என்று சொல்லிவிட்டு

அன்புள்ள அண்ணா,

என் பெயரைப் போட வேண்டாம். பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் தமிழ் மீடியம் பள்ளியில் 29 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். வரும் மே மாதம் ரிட்டயர்மென்ட். வீட்டுக்காரருக்குத் தென்னந்தோப்பும் நாலு மாடும். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூர்.

கொரோனா நேரத்தில் பையன் போனில் போக்கர் சொல்லிக்கொடுத்தான். 2-5 ரூபாய் மேஜைதான். தினமும் ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு ஒரு மணி நேரம். எத்தனை கை ஆடினேன், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாலு வருடத்தில் சுமார் 80,000 கை, 23,000 ரூபாய் லாபம். 2025 ஆகஸ்டில் சட்டம் வந்ததும் பணம் வைத்து ஆடுவது நின்றுபோனது.

இப்போது ஓர் ஆசை. கோவாவுக்குத் தனியாகப் போய் மூன்று ராத்திரி நிஜ மேஜையில் உட்கார வேண்டும். 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன், என் அரியர் பணம். அவரிடம் பி.எட். தோழிகளோடு கொல்லூர் மூகாம்பிகைக்குப் போகிறேன் என்று சொல்லலாமென்றிருக்கிறேன். கல்யாணமான பிறகு ஒரு ராத்திரிகூட நான் தனியாக எங்கும் தங்கியதில்லை. நான் செய்வது தப்பா? இது சூதாட்டம்தானா? போனில் ஜெயித்தது என் திறமையா, குருட்டு அதிர்ஷ்டமா என்பது அங்கே போனால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒருமுறை போய் வந்ததாக எழுதியிருந்தீர்களே, அதனால் கேட்கிறேன். குறளைச் சொல்லி விரட்ட வேண்டாம்.

ஒரு கணக்கு டீச்சர்

*

அன்புள்ள டீச்சர்,

குறள் சொல்ல மாட்டேன். 29 வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவருக்கு அந்த அதிகாரம் என்னைவிட நன்றாகவே தெரியும்.

தப்பா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நாம் குடியிருக்கிற இடத்தில் இருந்துகொண்டு அதற்கு விடை தேடுவது கொஞ்சம் வேடிக்கைதான். கோபாலபுரம் செக்போஸ்டுக்கு நம் பக்கம் கள்ளுக்கடையும் உண்டு, லாட்டரி மேஜையும் உண்டு, இரண்டும் சர்க்கார் அனுமதியோடு. அந்தப் பக்கம் நூறடி போனால் இரண்டும் குற்றம். தமிழ்நாடு 2003-ல் லாட்டரியை நிறுத்திவிட்டது. கேரளாவில் அதற்கென்று ஒரு துறையையே 1967-ல் தொடங்கி, 1968 குடியரசு நாளன்று முதல் குலுக்கலை நடத்தினார்கள். அன்றைக்குச் சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. இன்றைக்கு ஓணம் பம்பர் 25 கோடி. 2023-ல் அந்த 25 கோடி, வாளையாரில் சீட்டு வாங்கிக்கொண்டு போன தமிழ்நாட்டுக்காரர்கள் நாலு பேருக்குத்தான் விழுந்தது. என் அம்மா சாகும்வரை வாரம் ஒரு சீட்டு வாங்கினார். அவரை யாரும் சூதாடி என்று சொன்னதில்லை. வெற்றிலைக்கும் சேர்த்து ஒரே கணக்குத்தான்.

கோவாவில் கோடு வேறு மாதிரி. 1976-ல் சூதாட்டத்தைத் தடுக்கப் போட்ட சட்டத்தையே பிறகு திருத்தி, ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு இயந்திர ஆட்டத்தையும் கப்பல்களுக்கு மேஜை ஆட்டத்தையும் அனுமதித்தார்கள். அதனால்தான் பணஜியில் மாண்டவி ஆற்றின் நடுவே அத்தனை கப்பல்கள் எங்கும் போகாமல் நிற்கின்றன. 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்களுக்கு உள்ளே போய் ஆட அனுமதி இல்லை. ஊர்க்காரனுக்குக் கூடாது, வந்தவனுக்கு ஆகும். இதையெல்லாம் பார்த்த பிறகு சட்டத்தை வைத்துத் தப்பு சரி சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சூதாட்டம்தானா என்றால், கப்பலில் இருக்கிற முக்கால்வாசி ஆட்டம் சூதாட்டம்தான். அந்தர் பாஹர் என்று பளபளப்பாக விளக்குப் போட்டு வைத்திருப்பது நம்மூர்த் திருவிழாவில் துண்டை விரித்து ஆடுகிற மங்காத்தாவேதான். அங்கெல்லாம் நீங்கள் கடைக்காரனோடு ஆடுகிறீர்கள், கடைக்காரன் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கடை திறந்திருக்கிறான். போக்கரில் ஆடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எதிரி. நடுவில் குவியும் பணத்திலிருந்து கடைக்காரன் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு பேசாமல் நிற்பான். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொன்னது. போக்கர் எதில் சேரும் என்று வக்கீல்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் 2025 சட்டம் இந்தப் பேதத்தையே பார்க்கவில்லை, ஆன்லைனில் பணம் வைத்தால் எல்லாம் ஒன்றுதான் என்றுவிட்டது. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரைவிட்டவர்களின் செய்திகளைப் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

சரி, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் உங்களைப் பிடித்துத் தள்ளுவது அதுதான். இதில் நீங்கள் கணக்கு டீச்சராக இருந்தும் கோட்டை விட்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

போனில் மணிக்கு 50, 60 கை ஆடியிருப்பீர்கள். நிஜ மேஜையில் டீலர் சீட்டைக் கலைத்து, வெட்டி, போட்டு, யாரோ ஒருவர் தாடியைத் தடவி யோசித்து முடித்து, சிப்பை எண்ணித் தள்ளுவதற்குள் மணிக்கு 25, 30 கை ஓடினால் பெரிது. ராத்திரிக்கு 8 மணி நேரம் உட்கார்ந்தாலும் மூன்று ராத்திரியில் 700 கைதான். உங்கள் 23,000 ரூபாய் என்பது 4,600 பெரிய பிளைண்ட். (மற்ற வாசகர்களுக்காக: பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் பணம். அவருடைய மேஜையில் பெரியது 5 ரூபாய்.) 100 கைக்கு 6 பிளைண்டுக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. அதே திறமை அங்கேயும் செல்லுபடியானால் 700 கையில் உங்களுக்கு வர வேண்டியது 40 பிளைண்ட். இந்த ஆட்டத்தில் திட்ட விலக்கம், அதாவது அதிர்ஷ்டத்தால் மட்டும் கூடவோ குறையவோ ஆகிற அளவு, 100 கைக்கு 80 முதல் 100 பிளைண்ட் வரை இருக்கும். 700 கை என்பது ஏழு நூறு, அதனால் 7-ன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 210-லிருந்து 260 வருகிறதா? 40 கிராம் பொருளை நிறுக்கப் போகிறீர்கள், தராசு முள் இந்தப் பக்கம் 240, அந்தப் பக்கம் 240 என்று ஆடிக்கொண்டிருக்கிறது. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் இப்படி ஒரு தராசை வைத்திருப்பவரிடம் தக்காளி வாங்குவீர்களா?

இதே கணக்கை 80,000 கைக்குப் போட்டால் தராசு முள்ளின் ஆட்டம் சுமார் 2,500 பிளைண்ட். உங்கள் 4,600 அதைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல். வெறும் குருட்டு அதிர்ஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று ராத்திரி தரப்போவதைவிட நல்ல விடை ஏற்கெனவே உங்கள் நோட்டில் இருக்கிறது. கோவாவில் ஜெயித்தாலும் தோற்றாலும் அதில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

நளன் கதை ஞாபகம் வருகிறது. நளன் தேரோட்டியாக இருந்தபோது அவனுடைய அரசன் இருதுபன்னன், தேரில் போகிற போக்கில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து இத்தனை இலை, இத்தனை காய் என்று சொல்லிவிடுவான். அந்தத் தான்றிக்காயைத்தான் அந்தக் காலத்தில் சூதுக் கவறாக உருட்டினார்கள். எனக்கு அதில் பிடித்த இடம், நளன் நம்பாமல் தேரை நிறுத்தி இறங்கி எண்ணப் போவது. அவ்வளவு அவசரத்திலும் எண்ணித்தான் பார்ப்பேன் என்கிறான். நீங்களும் அந்தச் சாதிதான் என்று உங்கள் நோட்டைப் பற்றிப் படித்தபோது நினைத்தேன்.

நான் போனது 2019-ல். ஷொர்ணூரில் மங்களா எக்ஸ்பிரஸ் ஏறி மட்காவ். நாலு ராத்திரி, 40,000 ரூபாய், அதே உங்கள் தொகை. முதல் ராத்திரி 22,000 வந்தது. விடியற்காலை படகில் கரைக்குத் திரும்பும்போது என்னைப்போல் ஒருவன் இந்த ஆற்றிலேயே மிதந்ததில்லை என்ற நினைப்பு. மறுநாள் ஆஸ் ஜோடி கிடைத்தது. 221 கைக்கு ஒருமுறை வருவது, உங்களுக்கும் மூன்று ராத்திரியில் மூன்று தடவை வரும். ஏற்றி வைத்தேன். நாலு பேர் விடாமல் கூடவே வந்தார்கள். எதிரில் ஏதோ ஒரு கை மட்டும் என்றால் ஆஸ் ஜோடி 100-க்கு 85 தடவை ஜெயிக்கும். நாலு கை என்றால் 56. சூரத்திலிருந்து வந்திருந்த துணி வியாபாரி ஒருவர் இஸ்பேடு ஒன்பதும் ஆறும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக விரிக்கிற சீட்டில் ஒன்பது இரண்டு விழுந்தது, அவர் கையிலிருந்ததோடு மூன்று ஒன்பது. 14,000 போயிற்று. அவர் செய்தது தப்பு, ஜெயித்தது அவர். அன்றைக்கு விட்டதைப் பிடிக்கிறேன் என்று மேலும் கொஞ்சம் தொலைத்தேன். நாலு நாள் முடிந்தபோது மொத்தத்தில் 9,500 நஷ்டம்.

ஆனால் நான் மட்டமான ஆட்டக்காரன் என்று தெரிந்துகொண்டது அந்த 9,500-ஐ வைத்து இல்லை. எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. நான் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவன். குலானுக்கு (ஜாக்) 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பாவும் கள்ளு இறக்க வருகிறவரும் ஒரு பக்கம், சித்தப்பாவும் தபால்காரரும் இன்னொரு பக்கம். காசு கிடையாது. தோற்றவர்கள் காதில் குணுக்கு மாட்ட வேண்டும், பிலாவிலையைச் சுருட்டித் தொங்கவிட்டால் அதுதான் குணுக்கு. குணுக்கோடு வாசலில் நிற்கும்போது அத்தை காப்பி கொண்டுவந்தால் அதைவிட அவமானம் இல்லை. இருபத்தெட்டில் சீட்டு சரியில்லை என்று யாரும் கவிழ்த்து வைத்துவிட முடியாது. வந்ததை வைத்துக்கொண்டு கூட்டாளிக்காகக் கடைசிச் சீட்டுவரை ஆட வேண்டும். போக்கர் அதற்கு நேர் எதிர். நன்றாக ஆடுகிறவர்கள் நாலில் மூன்று கையைப் பார்த்த உடனே மடக்கிவிடுகிறார்கள். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு மணி நேரம் வேடிக்கைதான். எனக்குக் கை அரித்தது. என் பக்கத்தில் ஒரு பெண் அமர்ந்திருந்தார், நாலு நாளில் அந்த மேஜையில் நான் பார்த்த இரண்டு பெண்களில் ஒருவர். ஒரு மணி நேரம் எதுவுமே ஆடாமல் ஐஸ் போடாத எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, ஒரு ராத்திரிகூடத் தனியாகத் தங்கியதில்லை என்பது. திறமையைச் சோதிக்கப் போவதாக இருந்தால் போக வேண்டாம், வீண் செலவு. காப்பி கேட்க யாரும் இல்லாத ஒரு நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காரத்தான் போகிறீர்கள் என்றால் போய்வாருங்கள். 40,000-ஐ டிக்கெட் காசு என்று எழுதி நோட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

அதற்கு முன் நோட்டிலேயே ஒன்று பார்க்க வேண்டும். எழுதாமல் விட்டுப்போன தேதிகள் உண்டா? உண்டென்றால் அவை எந்த மாதிரி ராத்திரிகள்? பெரிதாகத் தோற்ற நாட்களில் மட்டும் பேனா கிடைக்காமல் போயிருந்தால், அந்த 23,000-ம் பொய், நான் மேலே போட்ட கணக்கும் பொய், கோவாவும் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் தோப்பை விற்றார். அவரும் கணக்கு எழுதினார், வந்த நாட்களில் மட்டும்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். 21 வயது ஆனவர்களுக்குத்தான் அனுமதி, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, அடையாள அட்டை போதும். படகுத் துறைக்கு நடக்கிற தூரத்தில் பணஜியிலேயே அறை எடுங்கள். பேங்க் கார்டை அறையில் பூட்டிவிட்டுப் போங்கள், இது முக்கியம். 2025 செப்டம்பரிலிருந்து கேசினோவுக்கு ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு (நம் லாட்டரிக்கும் அதேதான்). சிப் வாங்கும் முன்பே அதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஜெயித்தால் அதில் 30 விழுக்காடு வருமான வரி, தோற்றதைக் கழிக்கவும் முடியாது.

வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. பொய்யோடு போனால் மேஜையில் உட்கார்ந்துகொண்டு தோழிகளோடு சாமி கும்பிட்ட கதையை ஜோடித்துக்கொண்டிருப்பீர்கள், போன் அடித்தால் திடுக்கிடுவீர்கள். தனியாக இருக்கப் போய்விட்டு அவரையும் கூடவே தூக்கிக்கொண்டு போனதாக ஆகிவிடும். நாலு வருடமாக ராத்திரி ஒரு மணி நேரம் நீங்கள் போனோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்தானே. நீங்கள் நினைக்கிற அளவுக்கு அவர் அதிர்ந்துபோவார் என்று எனக்குத் தோன்றவில்லை. மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்றுதான் கேட்பார்.

கொல்லூரும் அதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. திரும்பி வரும்போது பைந்தூரில் இறங்கிப் போய்வாருங்கள். போகும்போதே போக வேண்டாம், ஆஸ் ஜோடி வேண்டும் என்று கேட்டுவிடுவீர்கள்.

அன்புடன்