ஸ்ட்ரீக் அறுந்தால் ஆண்டவர் கோபிப்பாரா?

கேள்வி: நான் வேலைக்குப் போகும் பெண். இரண்டு பிள்ளைகள். என் நேரம் தேவனுக்குப் பயன்பட வேண்டும் என்று போன வருடம் ஒரு செயலியில் வேதவாசிப்பு, ஜெபம், நடைப்பயிற்சி, செலவுக் கணக்கு என்று பதினொரு பழக்கங்களைப் போட்டுவைத்தேன். வாழ்க்கை ஒழுங்குக்கு வந்தது உண்மை. ஆனால் போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு தோழி அழுதுகொண்டே ஃபோன் செய்தாள். பேசும்போதே என் கண் கடிகாரத்தில் இருந்தது. பன்னிரண்டுக்குள் இரண்டு அதிகாரம் முடிக்காவிட்டால் ஸ்ட்ரீக், அதாவது ஒரு நாளும் விடாமல் செய்துவந்ததாகச் செயலி காட்டும் நாள் கணக்கு, போய்விடும். "காலையில பேசலாமா?" என்று வைத்துவிட்டேன். பிறகு வாசித்ததில் ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா? இல்லை, வேறு நல்ல செயலி இருந்தால் சொல்லுங்களேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தோழிக்கு ஃபோன் செய்யுங்கள். காலையில் பேசலாம் என்றீர்கள். பேசினீர்களா என்று கடிதத்தில் இல்லை.

செயலியை அழிக்க வேண்டாம். அழித்தால் ஒரு வாரம் நிம்மதியாக இருக்கும். அடுத்த வாரம் ஃபோனை நோண்டியே அரை மணி நேரம் போகும். திட்டம் போடாமல் விட்டால் ஆவியானவர் நடத்துவார் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, அப்படி விடப்பட்ட நாளை யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

உங்கள் சங்கடம் புதிதல்ல. ஸ்காட்லாந்தின் டன்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்‌ஷெய்ன் 1842இல் தன் சபையாருக்காக ஒரு வேதவாசிப்பு அட்டவணை தயாரித்தார். ஒரே வருடத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டுமுறை. இன்றும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த அட்டவணையைவிட அதற்கு அவர் எழுதிய முன்னுரை. திட்டத்தின் நன்மைகளைச் சொல்வதற்கு முன்பே அதன் ஆபத்துகளைச் சொல்லிவிடுகிறார்: சடங்காகிவிடும், சுயநீதி வரும், கவனமில்லாமல் வாசிப்போம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகும். ராத்திரி பன்னிரண்டுக்கு முன் அவசரமாகப் புரட்டிய உங்கள் இரண்டு அதிகாரங்கள் இதில் எந்த வகை என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆபத்து தெரிந்தும் அவர் அட்டவணையைக் கிழித்துப் போடவில்லை, சபைக்குக் கொடுத்தார் என்பதையும் கவனியுங்கள்.

ஸ்ட்ரீக் பற்றிய பயத்துக்கு ஆய்வும் ஆதரவாக இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வரும் நிலையை எட்ட சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. ஒரு நாள் விட்டால் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோவது செயலிக்காரர்களின் ஏற்பாடு. ஆண்டவர் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

மாற்கு சுவிசேஷத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முதல் அதிகாரத்தில் இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து தனியாக ஜெபிக்கப் போகிறார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து நிற்கும்போது, திரும்பிப் போகாமல் அடுத்த ஊர்களுக்குப் போகலாம் என்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள். அவ்வளவு அவசரத்திலும் தன் வஸ்திரத்தைத் தொட்ட பெண்ணுக்காக வழியில் நிற்கிறார். ஒரு இடத்தில் கூட்டத்துக்கு இல்லை என்கிறார், இன்னொரு இடத்தில் ஒருத்திக்காக நிற்கிறார். இதை எந்த ரிமைண்டரிலும் போட்டுவைக்க முடியாது.

உங்கள் பட்டியலில் எனக்கு உறுத்துவது வேறொன்று. நீங்கள் எழுதிய நான்கும் உங்களைப் பற்றியவை. மற்ற ஏழில் யாருடைய பெயராவது இருக்கிறதா? ஜெபத்தையும் வேதவாசிப்பையும் செயலியிலிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றுக்கு ஒரு நேரமும் ஒரு நாற்காலியும் போதும், எண்ணிக்கை வேண்டாம். காலியான இடத்தில் மனிதர்களைப் போடுங்கள். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஒருவர், "செவ்வாய்க்கிழமை ஸ்கேன் ரிசல்ட் வருது, ஜெபிச்சுக்கோங்க" என்பார். "கண்டிப்பா" என்போம். வண்டியை எடுப்பதற்குள் மறந்திருப்போம். அங்கேயே நின்று செவ்வாய் சாயங்காலத்துக்கு ஒரு ரிமைண்டர் போடுங்கள்: "ரிசல்ட் என்னாச்சு? ஃபோன்." தேதி குறிக்காத அன்பு பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு நின்றுவிடுகிறது. ரிமைண்டர் போட்டா அன்பு காட்டுவது என்று கூச்சப்படவேண்டாம். உங்கள் ஃபோன் ஞாபகப்படுத்தியது அவருக்குத் தெரியப்போவதில்லை.

காலண்டரில் வாரத்துக்கு இரண்டு சாயங்காலத்தைக் காலியாக விடுங்கள். அங்கேதான் எதிர்பாராத ஃபோன்கள் வந்து உட்காரும். பதினொரு பழக்கம் என்பதும் அதிகம்தான். நான்கு வைத்துக்கொள்ளுங்கள், எந்த நான்கு என்று வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள், நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எந்தச் செயலி என்று கேட்டீர்கள். இப்போது இருப்பதே போதும், ஸ்ட்ரீக் காட்டும் வசதியை நிறுத்த முடிந்தால். முடியாவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். காலை ஜெபத்துக்கு எடுத்த ஃபோன் வாட்ஸ்அப்பில் போய் முடிகிற ஆளாக இருந்தால், யோசிக்கவே வேண்டாம், நோட்டுதான்.