சனி எப்போது பெயர்ந்தார்?

கேள்வி: திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29-ல் முடிந்துவிட்டது, வாக்கியப்படி 2026-ல்தான் என்கிறார்கள். ஒரே வானம், ஒரே சனி. எது விஞ்ஞானம்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: பலன் சொல்ல நான் ஆளில்லை. முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். கணக்கை மட்டும் பேசுகிறேன்.

வாக்கியப் பஞ்சாங்கத்தில் வரும் வாக்கியம் நிஜமாகவே வாக்கியம்தான்; கணக்கை எழுத்துகளில் ஒளித்து வைத்த சொற்றொடர். வரருசி பெயரில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள் உண்டு. முதலாவது ‘கீர்ந ச்ரேய’. கடபயாதி முறையில் எழுத்துக்கு எண் வைத்தால் 3, 0, 2, 1. கடைசியிலிருந்து படியுங்கள்: 12 பாகை 3 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). முதல் நாளுக்கான சந்திரக் கணக்கு அது. ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, மறுபடி அப்படி வர 27.55 நாள். ஒன்பது சுற்றுக்கு 248. அப்புறம் அதே வேகங்கள் திரும்பும்.

மனப்பாடம் செய்தவருக்கு இந்தக் காரணம் தெரிய வேண்டியதில்லை. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். தரையில் சோழி பரப்பி, மனதில் இருந்த வாய்பாட்டைக் கொண்டே 1825-ன் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார் அந்த மனிதர். தொடக்கத்தில் 4 நிமிடப் பிசகு, நடுவில் 23, முடிவில் 52. கோட்பாடு ஒரு வார்த்தை தெரியாமல்! எனக்கு இது பிரமிப்புதான். ஆனால் அந்த 52 நிமிடத்துக்கு எந்தச் சோழியைக் குறை சொல்வது?

கேரளத்து வானியலாளர் பரமேசுவரன் வேறு வழியில் போனார். பல்லாண்டு கிரகணங்களைப் பார்த்து, பழைய கணக்கைத் திருத்தி, 1431-ல் ‘த்ருக்கணிதம்’ எழுதினார். த்ருக் என்றால் பார்வை. (‘திரு’ மரியாதைக்குப் போட்டது என்றே நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.) இன்றைய திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் நவீன வானியல் கணக்கை எடுத்துக்கொள்கின்றன. தொலைநோக்கியில் சனி நிற்கும் இடத்தோடு ஒத்துப்போவது அதுதான்.

சரி, அதற்காக மார்ச் 29 என்று வானத்தில் எழுதியிருக்கிறதா? இல்லை. ராசி எங்கே தொடங்குகிறது என்பது நாம் போட்ட கோடு. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் திருக்கணிதக்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு.

திருநள்ளாறு போவதானால் வாக்கியத்தைப் பார்த்துப் போங்கள். அங்கே அதுதான் வழக்கம்.