வீலை விடுங்கள், டயரின் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2020ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 இருக்கிறது. எஞ்சின் கணினியில் மாற்றம் செய்து கிட்டத்தட்ட 300 குதிரைத்திறன் வரை ஏற்றியிருக்கிறேன். முதல் இரண்டு கியர்களில் முன் சக்கரங்கள் பிடி இல்லாமல் சுழல்கின்றன. மழையில் இன்னும் மோசம். டயர்களும் தேய்ந்துவிட்டன. 19 அங்குல அலாய் வீலும் அகலமான டயரும் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். வீல், டயர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை பேசுகிறார். கோடைக்கால பெர்ஃபார்மன்ஸ் டயர் மழைக்கு உதவாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். அடிக்கடி ஊட்டிக்கும் போவேன். எதை வாங்குவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 19 அங்குல வீல் வேண்டாம். காரோடு வந்த 18 அங்குல வீல் நெளியாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை நல்ல டயருக்குக் கொடுங்கள். உங்கள் பிரச்சினைக்கு வீல் காரணமே இல்லை.

ஆர்எஸ் 245 முன்சக்கர இயக்கக் கார். முறுக்குவிசை முழுவதும் முன் இரண்டு டயர்கள் வழியாகத்தான் சாலைக்குப் போகிறது. முன் அச்சில், ஒரு சக்கரம் வீணாகச் சுழலாமல் விசையை மற்றதற்கு அனுப்பும் டிஃபரன்ஷியல் லாக் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குகிறது. அது இருக்கும் பிடியைச் சரியாகப் பங்கிடுமே தவிர, இல்லாத பிடியை உண்டாக்காது. பிடியைத் தருவது டயரின் ரப்பர் கலவை. கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் 235/35 ஆர்19 அளவாக இருக்கும். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் வீலின் அங்குலம். இப்போது உங்கள் காரில் இருக்கும் 225/40 ஆர்18 அளவைவிட அது 10 மில்லிமீட்டர்தான் அகலம். ஆனால் பக்கச்சுவரின் உயரம் 90 மில்லிமீட்டரிலிருந்து 82க்கு இறங்கிவிடுகிறது. பெரிய வீல் பெரும்பாலும் எடையும் கூடுதலாக இருக்கும். வண்ணம் பூசாத வேகத்தடையும், மழைநீர் மூடிய குழியும் எந்தத் தெருவில் வரும் என்று சொல்ல முடியாத நம் ஊரில், அந்த 8 மில்லிமீட்டர் ரப்பரை விட்டுக்கொடுக்கச் சொல்பவர் உங்கள் நலனைப் பார்க்கவில்லை. ஒரே குழியில் டயரின் பக்கம் பலூன்போல வீங்கும். வீலின் விளிம்பும் நெளியும். பிறகு இரண்டையும் விற்க அதே கடைக்காரர் காத்திருப்பார்.

அளவை மாற்றாமல் 225/40 ஆர்18 வாங்குங்கள். அதன்பின் வரும் எண்ணையும் எழுத்தையும் படியுங்கள். 92ஒய் (92Y) என்றிருந்தால் ஒரு டயர் 630 கிலோ தாங்கும், 300 கிலோமீட்டர் வேகம் வரை தகுதி உள்ளது என்று பொருள். டபிள்யூ (W) என்ற எழுத்து 270 வரை, அதுவும் போதும். இதே அளவில் 88 என்ற எண்ணோடும் டயர் வருகிறது. அது 560 கிலோதான் தாங்கும். விலை குறைவு என்று அதை எடுத்துக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். மிஷெலின் பைலட் ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1, கான்டினென்டலின் ஸ்போர்ட் வரிசை, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா – இவற்றில் எது புதிதாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். இவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிட, புதிய டயருக்கும் கிடங்கில் கிடந்த டயருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

அதனால்தான் தயாரிப்புத் தேதியை இவ்வளவு வற்புறுத்துகிறேன். டயரின் பக்கத்தில் 'டாட்' (DOT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் முடிவில், சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுமையாக இருக்கும். டயரைப் பொருத்திய பிறகு அது உள்பக்கம் போய்விட்டால் உங்களால் பார்க்க முடியாது. ஆகவே வீலில் ஏற்றுவதற்கு முன்பே நான்கு டயர்களையும் தரையில் வைத்துப் பாருங்கள். மூன்று புதியதும் ஒன்று பழையதுமாகக் கலந்து தருவது சாதாரணமாக நடக்கிறது. ஓராண்டுக்கு மேல் பழையது என்றால் திருப்பிக் கொடுங்கள். தகரக் கூரையின் கீழ் இரண்டு சித்திரை வெயிலைக் கண்ட ரப்பர் கண்ணுக்குப் பளபளப்பாகவே தெரியும். டயருக்கு மெருகு பூசுகிறார்கள், பளபளப்பை நம்பாதீர்கள். அந்த நான்கு இலக்கங்களையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுக்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

இந்த நிலைமைக்குக் கடைக்காரர்கள் மட்டும் காரணமில்லை. 2020 ஜூனில் டயர் இறக்குமதியை அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் பெற்றுத்தான் கொண்டுவர முடியும். உள்நாட்டுத் தொழிலைக் காப்பதாகச் சொன்னார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அரக்கோணத்திலும் டயர்த் தொழிற்சாலைகள் இருக்கும் மாநிலத்தில், இந்த ரகத்தில் 18 அங்குல டயர் நான்கு வேண்டுமென்றால் ஊர் ஊராகத் தொலைபேசியில் கேட்க வேண்டியிருக்கிறது. தட்டுப்பாட்டை உண்டாக்கிவிட்டு, அதனால் பழைய சரக்கு புதிய விலைக்கு விற்பதைக் கண்காணிக்க ஒருவரையும் நியமிக்கவில்லை. பாலுக்கும் மாத்திரைக்கும் தேதி கேட்கிறோம். 120 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு உயிர்களைத் தாங்கும் பொருளின் வயதைப் பில்லில் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில் என்ன சிரமம்?

இந்த இடைவெளியில்தான் 'இம்போர்ட் பீஸ்' விற்கும் தரகர்கள் நுழைகிறார்கள். டயரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்காது, பில் இருக்காது, உத்தரவாதமும் இருக்காது. வெளிநாட்டில் கழற்றிய டயரின் பள்ளங்களை மீண்டும் செதுக்கி விற்பதும் உண்டு. பில் வேண்டாமென்றால் வரி மிச்சம் என்பார்கள். டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்துவிட்டது. மிச்சப்படும் அந்தத் தொகைக்காக, டயர் வெடித்தால் யாரிடமும் போய் நிற்க முடியாத நிலைக்கு ஆளாகாதீர்கள்.

மழையைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது தவறு. கோடைக்கால டயர் என்பது வெப்பமான நாட்களுக்கானது. அந்த நாட்களில் பெய்யும் மழைக்கும் சேர்த்தே அதன் கலவையையும் பள்ளங்களையும் அமைக்கிறார்கள். மழையில் கைவிடுவது, பந்தயத்தளத்துக்காகப் பள்ளங்களைக் குறைத்துச் செய்த செமி-ஸ்லிக் டயர். செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் காய்ந்த தளத்தில் அது அருமையாக இருக்கும். ஐப்பசி மழையில் அவிநாசி சாலைக்கு அது ஆகாது. நல்ல டயரானாலும் தேய்ந்தால் நீரை வெளியேற்றாது. சட்டம் 1.6 மில்லிமீட்டர் பள்ளம் போதும் என்கிறது. உங்கள் காரின் சக்திக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.

ஊட்டி ஒரு விதிவிலக்கு. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் காட்டியே சிலர் வேறு ரக டயரை விற்றுவிடுவார்கள். இந்த டயர்களின் ரப்பர், வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும், பிடி குறையும். கோவையில் அப்படி ஒரு நாளே வராது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் ஊட்டியின் தலைகுந்தா போன்ற இடங்களில் விடியற்காலையில் உறைபனி விழுகிறது. வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்குகிறது. இரவு முழுவதும் வெளியே நின்ற காரை எடுத்து உடனே அழுத்தினால் முன்பக்கம் நேராகவே போகும், திரும்பாது. அதற்காகக் குளிர், வெயில் இரண்டுக்கும் பொதுவாகச் செய்த 'ஆல் சீசன்' டயர் வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். ஆண்டில் சில விடியல்களுக்காக மற்ற எல்லா நாட்களின் பிடியை இழப்பது நட்டம். அந்தச் சில வாரங்களில் வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள். காலையிலேயே கிளம்ப வேண்டுமென்றால், முதல் சில கிலோமீட்டர்களை மெதுவாக ஓட்டுங்கள். யூகலிப்டஸ் நிழல் விழும் வளைவுகளில் வெயில் வந்த பிறகும் பனி உருகாமல் இருக்கும். கறுத்து மினுங்கும் இடத்தில் பிரேக்கை மிதிக்காதீர்கள். பகலிலும் மற்ற மாதங்களிலும் இந்தக் கவலையே வேண்டாம்.

முன் டயர்கள்தான் உங்களுக்கு முதலில் தேயும். அப்போது இரண்டு மட்டும் வாங்கினால், கடையில் கேட்காமலே அவற்றை முன்னால் போட்டுவிடுவார்கள். புதிய இரண்டும் பின்னால் போக வேண்டும். பின்னால் இருப்பவை முன்னால் வர வேண்டும். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளித்துவிடலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும். நைட்ரஜன் காற்றுக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வாரம் ஒருமுறை டயர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் பார்த்தால் போதும்.

பழைய வீல் நெளிந்திருந்து புதிதாக வாங்கியே ஆகவேண்டும் என்றால், 18 அங்குலத்திலேயே எடையில் குறைந்ததைத் தேடுங்கள். உங்கள் காருக்கு வேண்டியது ஐந்து போல்ட், போல்ட் துளைகள் அமையும் வட்டம் 112 மில்லிமீட்டர், வீலின் நடுத்துளை 57.1 மில்லிமீட்டர். நடுத்துளை பெரிதாக இருந்தால் பொருத்தமான வளையம் போட்டே தீர வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். வீலின் பின்புறம் அது தாங்கும் எடை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பிரபல நிறுவன வடிவத்தை நகல் எடுத்த வீல்களில் ஜேடபிள்யூஎல் (JWL) என்ற ஜப்பானிய முத்திரையைக் காட்டுவார்கள். அது தயாரிப்பாளரே தனக்குக் கொடுத்துக்கொள்ளும் சான்று. எஞ்சின் மாற்றத்தையும் வீல் மாற்றத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

போல்ட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உங்கள் ஸ்கோடாவின் அசல் போல்ட்டுக்குத் தலையடி உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் வீல்களில் போல்ட்டின் தலை அமரும் குழி பெரும்பாலும் கூம்பு வடிவத்தில் இருக்கும். உருண்டையைக் கூம்பில் முடுக்கினால் இறுக்கம் வந்ததுபோலத் தோன்றும், ஆனால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடும், ஓடஓடத் தளரும். வீலோடு பொருத்தமான புதிய போல்ட்டையும் கேட்டு வாங்குங்கள். கடையில் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கி அனுப்பிவிடாமல், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ஸ்பேனரால் 120 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதே கடைக்குப் போய் மறுபடியும் சரிபாருங்கள். அதற்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.